சின்னப் பிள்ளைங்களுக்கு 'அகாடமிக்' ஃப்ரேசல் வெர்ப் தேவையா, தேவைன்னா எத, எப்படி?

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு புதுசா மாத்தலாகி வந்திருக்கற ஒரு டீச்சர் கேட்ட கேள்வி இது. நாலாம் ஆண்டுக்கும் அஞ்சாம் ஆண்டுக்கும் இங்கிலீஷ் எடுக்கறாங்க. ஃப்ரேசல் வெர்ப்னா 'ஃபைண்ட் அவுட்', 'கிவ் ஆஃப்' மாதிரி ஒரு வினைச்சொல்லும் ஒரு சின்ன வார்த்தையும் சேந்து தனி அர்த்தம் குடுக்கறது. யாரோ 'அகாடமிக் ஃப்ரேசல் வெர்ப்ஸ்'னு நூறு வார்த்த போட்ட ஒரு லிஸ்ட்ட அனுப்பி வருஷக் கடைசிக்குள்ள முடிச்சிடுங்கன்னு சொல்லியிருக்காங்க. பிள்ளைங்க வெள்ளிக்கிழம ஒப்பிக்கிறாங்க, திங்கக்கிழம கேட்டா முழிக்கிறாங்க. இது இந்த வயசுக்குத் தேவைதானா, தேவைன்னா எப்படி படிச்சுக் குடுக்கறது, தெனசரி பாடத்திட்டமான ஆர்.பி.எச்.ல எப்படி எழுதறதுன்னு கேட்டிருக்காங்க.

தேவைதான் தங்கச்சி, ஆனா அந்த நூறு தேவையில்ல. ஒரு வருஷத்துக்கு பதினஞ்சு, மிஞ்சிப் போனா இருபது, அவ்வளவு நல்லா மண்டையில ஏறிட்டாலே ஃபார்ம் ஒன்னுக்குப் போறப்ப அந்தப் பிள்ள யாருக்கும் சளைச்சதா இருக்காது. மிச்சத்த இடைநிலைப்பள்ளி டீச்சருங்களுக்கு விட்டு வைங்க, அவுங்களுக்கும் வேல வேணும்ல.

இந்த 'அகாடமிக்'ங்கற பேரு தான் மொதல்ல பயமுறுத்துது. நாம படிக்கிற காலத்துல ஃப்ரேசல் வெர்ப்னாலே அது பேச்சு இங்கிலீஷ், கட்டுரையில எழுதக்கூடாதுன்னு சொல்லி வளத்துட்டாங்க, 'ஃபைண்ட் அவுட்' எழுதாத 'டிஸ்கவர்' எழுது, 'லுக் இன்டு' வேண்டாம் 'இன்வெஸ்டிகேட்' போடுன்னு. அதுல பாதி சரி, பாதி சரியில்ல. ஆராய்ச்சி எழுத்துங்கள கம்ப்யூட்டர்ல போட்டு எண்ணிப் பாத்தவங்களுக்கு 'கேரி அவுட்', 'பாய்ன்ட் அவுட்', 'செட் அப்', 'டேக் ஆன்' இதெல்லாம் அங்க தாராளமா வர்றது தெரிஞ்சிருக்கு. இவ்வளவு படிச்சவங்க எழுத்துலயே இருக்கற சாமான் நம்ம பிள்ளைங்களோட கேள்வித்தாள்ல வராமலா இருக்கும்? நம்ம பிள்ளைங்களப் பொறுத்தவரைக்கும் 'அகாடமிக்'னா பெரிய சமாச்சாரம் ஒண்ணும் இல்ல, பாடப் புத்தகம், கேள்வியோட கட்டளை வரி, சயின்ஸ் கணக்கு இங்கிலீஷ்ல இருந்தா அந்தப் புத்தகங்க, இதுல திரும்பத் திரும்ப வர்ற ரெண்டு வார்த்த வினைச்சொல், அவ்வளவுதான்.

இது ஏன் யார் கண்ணுலயும் படாம நழுவிப் போகுதுன்னு சொல்றேன், ஏன்னா பிரச்சனையே அங்கதான் இருக்கு. நியூசிலாந்துல ஏவ்ரில் காக்ஸ்ஹெட்னு ஒரு அம்மா 2000ல கல்விச் சொல் பட்டியல் ஒண்ணு வெளியிட்டாங்க, மொத்தம் 570 சொற்குடும்பம் (ஒரு வார்த்தையும் அதுல இருந்து வர்ற மத்த வடிவங்களும் சேந்து ஒரு குடும்பம்), உலகம் பூரா வொர்க்‌ஷீட் போடறவங்க அதத்தான் புடிச்சிக்கிட்டாங்க, நல்ல பட்டியல்தான். ஆனா அத தயாரிக்கறப்ப ரொம்ப சாதாரணமான 2,000 சொற்குடும்பத்த மொதல்லயே தள்ளி வச்சிட்டாங்க, எண்ணினதும் ஒத்த ஒத்த வார்த்தையாதான். 'கேரி' சாதாரண வார்த்த, 'அவுட்' சாதாரண வார்த்த, ரெண்டும் வெளிய போயிடுச்சி, ரெண்டும் சேந்து நிக்கறப்ப என்ன ஆகும்னு அந்தப் பட்டியல் பாக்கவே இல்ல. வகுப்புலயும் அப்படித்தான் நடக்குது. பாடத்துல 'ஃபோட்டோசிந்தசிஸ்' வந்தா டீச்சர் போர்ட்ல எழுதி, அசை பிரிச்சி, மூணு வாட்டி சொல்ல வச்சி, படம் வரைஞ்சி விளக்குவாங்க. அதே பாடத்துல ஒரு வரியில இருக்கற 'டேக் இன்', 'கிவ் ஆஃப்' ரெண்டையும் யாரும் தொடவே மாட்டாங்க, ஏன்னா 'டேக்' ஒண்ணாம் ஆண்டுலயே படிச்சாச்சி, 'இன்' அதுக்கும் முன்னாடியே படிச்சாச்சி.

அந்த வரி என்னன்னு பாருங்க: 'பிளான்ட்ஸ் டேக் இன் கார்பன் டையாக்சைட் அண்ட் கிவ் ஆஃப் ஆக்சிஜன்.' இத ஒரு நாலாம் ஆண்டுப் பையன்கிட்ட குடுத்து உன் பாஷையில சொல்லுடான்னு கேட்டுப் பாருங்க. 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்னன்னு டக்குன்னு சொல்வான். 'கிவ் ஆஃப்'ல வந்து நிப்பான். அவனுக்கு 'ஆஃப்' ரொம்ப நல்லாத் தெரிஞ்ச வார்த்த, வீட்ல அம்மா தெனம் 'ஃபேன ஆஃப் பண்ணுடா, பில்லு ஏறுது'ன்னு சொல்ற அதே ஆஃப். அப்ப செடி ஆக்சிஜன ஆஃப் பண்ணிடுது சார்னு சொல்வான், தைரியமா சொல்வான், அவன் கணக்குல அது சரி. செடி ஆக்சிஜன வெளிய விடுதுங்கறதுக்கு நேர் எதிரா புரிஞ்சிருக்கு, ஆனா பரீட்சையில 'கிவ் ஆஃப்'க்கு எதிர்ல கோடிட்ட இடத்துல 'ஆக்சிஜன்'னு கரெக்ட்டா எழுதி மார்க்கும் வாங்கிடுவான், நமக்கு கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது.

இன்னொண்ணு 'பிரேக் டவுன்'. தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு இது தமிழ் வார்த்த மாதிரி. செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனையோட பழக் குலைய ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போற லோரி ரோட்டோரம் நின்னுட்டா 'லோரி பிரேக்டவுன்'. இப்ப சயின்ஸ்ல 'பாக்டீரியா அண்ட் ஃபங்கை பிரேக் டவுன் டெட் லீவ்ஸ்'னு வருது. பிள்ளைக்கு லோரி தான் ஞாபகம் வரும், பாக்டீரியா ரிப்பேராயிடுச்சின்னு நினைக்கும், தப்பு சொல்ல முடியாது. ஆனா இத சரி பண்றதுக்கு உங்களுக்கு எந்த படமும் வேண்டாம் டீச்சர், ஸ்கூல் வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கு. செம்பனையில மட்டைய வெட்டி வரிசைக்கு நடுவுல அடுக்கி வச்சிருப்பாங்க பாருங்க, கீழ இருக்கறது கறுத்து, கைவச்சா பொடிப்பொடியா உதிரும், மேல இருக்கறது இன்னும் பச்சையா இருக்கும். தோட்டத்துல அனுமதி கேட்டு, பாம்பு இருக்கான்னு பாத்துட்டு, பிள்ளைங்களுக்கு அத ஒரு வாட்டி காட்டுங்க, இல்ல கீழ் மட்டையில ஒரு துண்டும் மேல் மட்டையில ஒரு துண்டும் எடுத்துட்டு வந்து மேசை மேல வைங்க. 'ஃபங்கை பிரேக் இட் டவுன்', கையில பொடிச்சிக்கிட்டே சொல்லச் சொல்லுங்க. லோரி உடைஞ்சி நின்னுச்சி, மட்டை உடைஞ்சி மண்ணாச்சி, ரெண்டுலயும் முழுசா இருந்தது முழுசா இல்லாமப் போச்சின்னு அவுங்களே இழுத்துட்டு வந்து முடிச்சு போட்டுடுவாங்க, நாம சொல்ல வேண்டியது கொஞ்சந்தான்.

இப்ப எத எடுக்கறது எத விடறதுங்கறதுக்கு வரேன். கார்ட்னர், டேவிஸ்னு ரெண்டு பேரு 2007ல, பத்துக் கோடி வார்த்த இருக்கற பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ்ங்கற பேச்சு, எழுத்துத் தொகுப்புல இருந்து அஞ்சு லட்சத்துக்கும் மேல ஃப்ரேசல் வெர்ப் வர்ற இடங்கள எடுத்துப் பாத்தாங்க. வெறும் 20 வினைச்சொல்லு, கூட 8 சின்ன வார்த்த, அதாவது அவுட், அப், டவுன் மாதிரி, இதுங்க ஒண்ணோட ஒண்ணு சேந்தே பாதிக்கு மேல வந்துடுது. அதுக்கப்புறம் 2015ல கார்னியே, ஷ்மிட்னு ரெண்டு பேரு அடிக்கடி வர்ற 150 ஃப்ரேசல் வெர்ப்ப எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் உண்மையிலேயே வழக்குல இருக்கற அர்த்தம் எத்தனன்னு பாத்து 280ன்னு முடிச்சாங்க. சராசரியா ஒண்ணுக்கு ரெண்டு அர்த்தம் வருது. அகராதிய திறந்தா ஒண்ணுக்கே பத்து இருக்கும், அதுல பெரும்பாலானது எப்பவோ ஒரு வாட்டி வர்றது. இதுல இருந்து நமக்கு கெடைக்கறது, ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் குடுங்க, அதுவும் பிள்ள இந்த வருஷம் புத்தகத்துல பாக்கப் போற அர்த்தம் மட்டும். 'மேக் அப்'க்கு கதை கட்டறது, சமாதானமாப் போறது, மூஞ்சிக்கு பூசறதுன்னு எல்லாத்தையும் அடுக்காதீங்க. '206 போன்ஸ் மேக் அப் ஆவர் ஸ்கெலட்டன்', இந்த ஒரு வரி போதும், லிப்ஸ்டிக் போட்ட எலும்புக்கூடு ஒண்ண வரைஞ்சி சிரிக்க வச்சிட்டு அடுத்த வேலைய பாருங்க.

உங்களுக்கு வந்த லிஸ்ட்டோட பெரிய குறையும் இதுதான், வார்த்த இருக்கு, எதிர்ல அர்த்தம் இருக்கு, வாக்கியம் இல்ல. சம்பல் இல்லாத நாசி லெமாக் மாதிரி, பேரு இருக்கும் ருசி இருக்காது. அதுல 'பிரிங் அபவுட்', 'அக்கவுன்ட் ஃபார்', 'ரூல் அவுட்'னு இருக்கறதெல்லாம் கோடு போட்டு அடிச்சிடுங்க, அந்த யோசனையே, அதாவது ஒண்ணால இன்னொண்ணு விளையுது, ஒரு காரணத்த இல்லன்னு தள்ளறோம்ங்கறது, பத்து வயசுக்கு தாய்மொழியிலயே கஷ்டம்.

நான் எடுக்கறது பிள்ளையோட கை செய்யற வேலையில இருந்து. வகுப்புல தெனம் நடக்கறது: ஃபில் இன், ரைட் டவுன், கிராஸ் அவுட், லீவ் அவுட், ரீட் அவுட், ஹேன்ட் இன், லுக் அப். இத தமிழ்லயோ மலாய்லயோ சொல்லாம நீங்க இங்கிலீஷ்லயே சொல்லி வேல வாங்கிட்டா, ரெண்டு மாசத்துல தானா வந்துடும், தனியா படிச்சுக் குடுக்கவே வேண்டாம். நிறைய டீச்சருங்க இந்த இடத்துல 'இசி தெம்பாட் கோசோங்' (காலி இடத்த நிரப்பு)னு மலாய்ல சொல்லிட்டுப் போயிடறாங்க, சுலபமா இருக்குன்னு, அங்கதான் தெனசரி கெடைக்கற ஓசிப் பயிற்சி கைவிட்டுப் போகுது. அடுத்தது ஆராய்ச்சி பக்கம்: செட் அப், கேரி அவுட், ஃபைண்ட் அவுட், டேக் இன், கிவ் ஆஃப், பிரேக் டவுன், டர்ன் இன்டு, மேக் அப். கணக்குக்கு வொர்க் அவுட், ஆட் அப். வாசிப்புக்கு பாய்ன்ட் அவுட் ஒண்ணு. உங்க பள்ளி சயின்ஸும் கணக்கும் இங்கிலீஷ்ல நடத்தற டி.எல்.பி. பள்ளியா இருந்தா ரெண்டாவது கூட்டம் சயின்ஸ் புத்தகத்துல நேரடியா வரும். சயின்ஸ் தமிழ்ல ஓடற பள்ளின்னா அந்த வரிங்கள நீங்கதான் இங்கிலீஷ் பாடத்துக்குள்ள கொண்டு வரணும், ஏற்கனவே தமிழ்ல படிச்சி முடிச்ச பாடத்தையே எடுங்க, சங்கதி தெரிஞ்சிருக்கறதுனால வார்த்த மேல மட்டும் கவனம் போகும், இதுல டி.எல்.பி. இல்லாத பள்ளிக்குத்தான் உண்மையிலேயே லாபம்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ரெண்டு வார்த்த சேந்து மூணாவது அர்த்தம் குடுக்கறது நம்ம பிள்ளைங்களுக்கு புதுசே இல்ல, தமிழ் பேசற பிள்ள தெனம் அதத்தான் செய்யுது. தொலைஞ்ச பென்சில 'கண்டுபிடிச்சிட்டேன்'னு சொல்றான், அதுல பிடிக்கறது எங்க இருக்கு? தங்கச்சிக்கு சாக்லேட்ட 'விட்டுக்குடுத்தேன்'ங்கறான். கூட்டாளி டீச்சர்கிட்ட 'காட்டிக்குடுத்துட்டான்'னு அழறான், என்னத்த கையில குடுத்தான்? பாட்டி 'தம்பிய பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுப் போனா அவன் தம்பிய மொறைச்சிக்கிட்டா உக்காந்திருக்கான்? 'எடுத்துச் சொன்னாங்க'ன்னா யாரு என்னத்த எடுத்தாங்க? இந்த மாதிரி ரெண்டு மூணு எடுத்து, பிரிச்சி, வார்த்தைக்கு வார்த்த நடிச்சிக் காட்டுங்க, வகுப்பே சிரிக்கும். சிரிச்சி முடிக்கறதுக்குள்ள 'ஃபைண்ட் அவுட்'ட போர்ட்ல எழுதுங்க. இதுவும் அந்த ஜாதி தான்டா, பிரிச்சா கெட்டுப் போயிடும்னு சொன்னாப் போதும், இலக்கணப் பேரு எதுவும் தேவையில்ல. ஒரு எச்சரிக்கை மட்டும், இது ஜோடி சேக்கற விளையாட்டு இல்ல, ஒவ்வொரு இங்கிலீஷுக்கும் ஒரு தமிழ் கூட்டுவினை தேடிப் புடிக்கணும்னு கெளம்பாதீங்க. சிலதுக்கு அழகா அமையும், 'எடுத்துச் சொல்'லும் 'பாய்ன்ட் அவுட்'டும் பக்கத்து வீடு. சிலதுக்கு அமையவே அமையாது. பிள்ளைக்கு வர வேண்டியது அந்தப் பழக்கம், ரெண்டு வார்த்தையையும் ஒண்ணா விழுங்கற பழக்கம்.

'கேரி அவுட்'டுக்கு மலாயையும் சேத்துக்கலாம், மூணு மொழி படிக்கற பிள்ளைங்களுக்கு மட்டும் கெடைக்கற வசதி இது. தமிழ்ல சோதனைய 'நடத்து'வோம், அது 'நட'வுல இருந்து வந்தது. மலாய்ல 'ஜாலான்கன்', அதுவும் 'ஜாலான்'ல இருந்து, நடக்கறது. ரெண்டு பக்கமும் சோதனைய நடக்க வைக்குது, வெள்ளைக்காரன் மட்டும் தூக்கிட்டுப் போறான். அஞ்சாம் ஆண்டுல கொஞ்சம் சூட்டிகையான பிள்ளைங்க இருந்தா இத அவுங்களே கண்டுபுடிக்கற மாதிரி கேள்வி கேட்டுப் பாருங்க, கண்ணு விரியும்.

உங்களுக்கு மட்டும் ஒரு விஷயம், பிள்ளைங்களுக்கு இல்ல. 'அப்' பாதி நேரம் மேலங்கற அர்த்தத்துல வராது, முழுசா முடிஞ்சதுங்கறதுக்கு வரும், ஃபில் அப், யூஸ் அப், ஆட் அப். நம்ம 'சாப்பிட்டுடு', 'முடிச்சிடு', 'எழுதிடு'ல வர்ற 'விடு' செய்யற வேலையத்தான் அங்க அது செய்யுது, அதுலயும் எதையும் விடறது கெடையாது. இது உங்க மனசுல இருந்தா 'டீச்சர், ஏன் அப்பு'ன்னு ஒரு வாண்டு கேக்கறப்ப முழிக்க வேண்டியதில்ல.

வகுப்புல செய்யறதுக்கு ரொம்ப செலவில்லாதது அம்புக்குறி. போர்ட்ல ஒரு பெரிய எலைய வரைங்க, 'டேக் இன்' சொன்னா உள்ள போற அம்பு, 'கிவ் ஆஃப்' சொன்னா வெளிய வர்ற அம்பு, பிள்ளைங்க வந்து போடட்டும். வாயத் தொறந்து மூச்சு விட வேண்டாம், அர்த்தம் புரிஞ்சிதா இல்லையான்னு அம்பு காட்டிக்குடுத்துடும். அந்த ஆக்சிஜன ஆஃப் பண்ற பையன் இங்க மாட்டுவான், பொருத்துக பயிற்சியில மாட்டவே மாட்டான். இதனாலதான் நான் இதுக்கு பொருத்துக குடுக்கறதே இல்ல. 'டர்ன் இன்டு'க்கு ஐஸ்கட்டி இருக்கு, பாட்டி தாத்தா ரப்பர் பால் மரம் வெட்டுன வீட்டுப் பிள்ளைங்களா இருந்தா பாலுல ஃபோர்மிக் ஆசிட் ஊத்தி கட்டியாக்கற கதைய வீட்ல கேட்டுட்டு வரச் சொல்லுங்க, 'லேடெக்ஸ் டர்ன்ஸ் இன்டு எ சாஃப்ட் லம்ப்'. இந்தக் காலத்துப் பிள்ளைங்க முக்காவாசி செம்பனை மட்டும் பாத்து வளந்தது, ரப்பர் பால பாக்காததுங்களே நிறைய, வீட்ல கேட்டா பாட்டிக்கும் பேச ஒரு சாக்கு.

அடுத்தது 'இட்' எங்க வரும்னு. 'ரைட் டவுன் தி ஆன்சர்' சரி, 'ரைட் தி ஆன்சர் டவுன்' அதுவும் சரி, ஆனா 'இட்' போட்டா நடுவுலதான் வரும், 'ரைட் இட் டவுன்'. 'ரைட் டவுன் இட்'னு எழுதறது நம்ம பக்கம் சர்வ சாதாரணம், காலேஜ் முடிச்சவங்ககிட்டயே பாத்திருக்கேன். இத விதியா சொன்னா ஏறாது, காதுக்குப் பழக்குங்க. ரைட் இட் டவுன், ஹேன்ட் இட் இன், லுக் இட் அப், கிராஸ் இட் அவுட், கை தட்டி கூட்டமா சொல்ல வைங்க, தட்டு கடைசி வார்த்தையில விழணும், ஏன்னா இங்கிலீஷ்ல அழுத்தம் அங்கதான் வரும். நம்ம பிள்ளைங்க எல்லா அசையையும் ஒரே மட்டத்துல சொல்வாங்க, கடைசி வார்த்தைய முழுங்கிடுவாங்க, முழுங்கினது எழுத்துலயும் காணாமப் போயிடும், 'ஐ வில் ஃபைண்ட் தி ஆன்சர்', 'அவுட்' எங்கன்னா தெரியாது. வேகமா சொன்னா ஒட்டிக்கிட்டு வர்றதையும் கேக்க வைங்க, 'ஃபில்லிட்டின்', 'புட்டிட்டான்'. ரெண்டாவத கேட்டதும் யாரு புட்டான், என்னத்த புட்டான்னு ஒருத்தன் கண்டிப்பா கேப்பான், கேக்கட்டும், அப்புறம் 'புட் இட் ஆன்' அவனுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. 'டர்ன் இன்டு' மட்டும் இந்த நடுவுல நுழையற வேலைக்கு ஒத்துவராது, 'வாட்டர் டர்ன்ஸ் இன்டு ஸ்டீம்', அது அப்படியேதான் போகும். அத இந்தக் கைதட்டல்ல சேக்காதீங்க.

மலேசியாவுல இன்னொரு தொல்லை இருக்கு. நாம 'ஆன் தி லைட்', 'ஆஃப் தி ஃபேன்'னு வினைச்சொல்லையே தூக்கிப் போட்டுட்டு பேசறோம், இன்னொரு பக்கம் 'கோப் அப் வித்'னு தேவையில்லாத 'அப்'ப ஒட்டறோம். வீட்ல, கடையில, மமாக் சாப்பாட்டுக் கடையில அப்படித்தான் பேசுவாங்க, அத திருத்தப் போகாதீங்க, பேசறது பேச்சு, பிள்ளைய அவமானப்படுத்தற மாதிரி ஆயிடும். எழுதறப்ப மட்டும் 'டர்ன் ஆன்', 'டர்ன் ஆஃப்'னு வரும்னு காட்டினாப் போதும்.

உங்க பள்ளி 150 பிள்ளைங்களுக்குக் கொறைஞ்ச எஸ்.கே.எம். பள்ளின்னு சொன்னீங்க. ரெண்டு ஆண்டு ஒண்ணா உக்காற வகுப்பு இருந்தா கவலப்படாதீங்க, இதுக்கு அது நல்லது. அஞ்சாம் ஆண்டுப் பிள்ள நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கு கட்டளை குடுக்கட்டும், 'ரீட் இட் அவுட்', 'கிராஸ் இட் அவுட்', 'ஹேன்ட் இட் இன்'. டீச்சர் வேஷம் போடச் சொன்னா கூச்சப்படற பிள்ளையும் வாயத் தொறக்கும், சின்னது செஞ்சிக் காட்டணும், தப்பா செஞ்சா பெரிசு மறுபடி சொல்லணும். நீங்க பின்னால நின்னு வேடிக்க பாத்தாப் போதும்.

அகராதி பழக்கறப்ப ஒண்ணு சொல்லிக் குடுங்க, இது நிறைய பேரு சொல்லாம விடறது. 'கேரி அவுட்'ட தேடற பிள்ள 'கேரி'ய எடுத்து மொத அர்த்தத்த, 'தூக்கு'ன்னு, எழுதிட்டு வந்துடும். மாணவர்களுக்குன்னு போடற இங்கிலீஷ் அகராதியில ஃப்ரேசல் வெர்ப் எல்லாம் அந்த வினைச்சொல்லோட கடைசியில தனியா அடுக்கியிருக்கும். கடைசிக்குப் போன்னு சொல்லிக் குடுத்தா பாதி சண்டை தீந்துச்சி. ஃபோன்ல தேடற பிள்ளைங்களுக்கு ஒத்த வார்த்தைய போடாத, முழு வரியையும் போடுன்னு சொல்லுங்க.

எழுத்துல பயன்படுத்தியே ஆகணும்னு நெருக்காதீங்க. 1985ல டாகட், லாஃபர்னு ரெண்டு பேரு எபிரேய மொழிக்கார மாணவர்கள வச்சி பாத்தாங்க, அவுங்க மொழியில இந்த மாதிரி வினை கெடையாது, அவுங்க ஃப்ரேசல் வெர்ப்ப ஒதுக்கிட்டு ஒத்த வார்த்தையையே எடுத்தாங்க, அதுவும் பிரிச்சா அர்த்தம் தெரியாத வகைய ரொம்பவே ஒதுக்கினாங்க. பெரியவங்களே ஒதுங்கிப் போற இடத்துல பத்து வயசு தயங்கறதுல ஆச்சரியம் இல்ல. ஆறாம் ஆண்டு முடியறப்ப சி.இ.எஃப்.ஆர்.ங்கற ஐரோப்பிய மொழித் திறன் அளவுகோல்ல ஏ2, அதாவது கீழ இருந்து ரெண்டாவது படி தான் நம்ம இலக்கு, அந்த மட்டத்துல படிச்சா புரியணும், கேட்டா செய்யணும், அது போதும். எழுத்துல தானா வந்தா தட்டிக் குடுங்க, 'பிளான்ட்ஸ் ரிலீஸ் ஆக்சிஜன்'னு எழுதினாலும் முழு மார்க் குடுங்க, அது தப்பில்ல. ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சையான யு.பி.எஸ்.ஆர். 2021லயே போயாச்சி, இன்னும் அந்தக் காலத்து மாதிரி மனப்பாடம் பண்ண வச்சி என்னத்துக்கு.

பெத்தவங்க பக்கம் ஒரு சிக்கல் வரும். லிஸ்ட் குடுத்தா 'டீச்சர் படிச்சுக் குடுக்கறாங்க'ன்னு சந்தோஷப்படுவாங்க, அம்பு போட்டா நோட்டுல ஒண்ணுமே இல்லையேன்னு வாட்ஸ்ஆப்ல வந்து நிப்பாங்க. நோட்டோட கடைசிப் பக்கத்துல வாரம் ஒரு வரி எழுத வைங்க, வார்த்தையா இல்ல, முழு வாக்கியமா, பக்கத்துல பிள்ளையே வரைஞ்ச படத்தோட. ஃபேக்டரியில ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்ற அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியணும்னு அவசியமில்ல, 'இந்தப் படம் என்னடா'ன்னு கேட்டாப் போதும், பிள்ள தமிழ்ல சொல்லி இங்கிலீஷ்ல வாசிச்சுக் காட்டட்டும். பழைய வரிங்கள மாசத்துக்கு ஒரு வாட்டி பொரட்டிப் பாருங்க, புது வரி சேக்கறத விட இது முக்கியம், நேரம் இல்லன்னா புதுச விட்டுடுங்க.

ஆர்.பி.எச். பத்திக் கேட்டீங்க. 'இன்று ஃப்ரேசல் வெர்ப்'னு தனிப் பாடமா எழுதாதீங்க, எழுதினா அன்னிக்கு லிஸ்ட்தான் படிச்சுக் குடுப்பீங்க, கை தானா அங்க போயிடும். அன்னிக்கு இருக்கற வாசிப்புப் பாடத்தையே எழுதுங்க, பகுதியில இருந்து எடுத்த ஒரே ஒரு வரிய நோக்கத்துல போடுங்க, பிள்ளைங்க அந்த வரிய படிச்சி படத்துல அம்பு போடுவாங்க இல்ல செஞ்சி காட்டுவாங்கன்னு நடவடிக்கையில போடுங்க, வகுப்பறை மதிப்பீடான பி.பி.டி.க்கு ஆதாரமும் அதுவே ஆயிடும். லிஸ்ட்ட அனுப்பினவங்க கேட்டா சண்டை போட வேண்டாம், அதுல நீங்க எடுத்த பதினஞ்சு இருபதுக்கு மட்டும் டிக் போட்டு, எந்த யூனிட்ல வருதுன்னு பக்கத்துல எழுதி குடுத்துடுங்க. இந்த வாரம் எந்த யூனிட்ல இருக்கீங்களோ அந்த வாசிப்புப் பகுதிய ஒரு பென்சில எடுத்துக்கிட்டு ஒரு வாட்டி படிங்க, நீங்க இதுவரைக்கும் போர்ட்ல எழுதாத ரெண்டு வார்த்த வினை எங்கெல்லாம் இருக்கோ அங்க வட்டம் போடுங்க, அதுல பிள்ள தப்பா புரிஞ்சிக்கறதுக்கு ரொம்ப வாய்ப்பு இருக்கறது எதுவோ அதுதான் உங்க மொத வரி.